எல்லா விலங்குக்கும் ஒரே துப்பாக்கியா?
வேட்டைத் துப்பாக்கியின் குழல் அளவும் அதன் விஞ்ஞானமும்

மும்பை செம்பூரை அடுத்த திலக் நகர் நிலையத்தில் துறைமுக இருப்புப்பாதை ரயிலில் ஏறித் தெற்கு முனையத்தில் இறங்கினால், முன்னாளில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம் என்று வழங்கிய அருங்காட்சியகத்தைச் சிறிது நேரத்தில் அடையலாம். அதன் இயற்கை வரலாற்றுப் பிரிவு, 1883-ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பைத் துணையாகக் கொண்டு உருவானது. பாடம் செய்து நிறுத்தப்பட்ட விலங்குகளின் முன் மாணவர்களை நிறுத்தும் ஆசிரியர், அவை எவ்வாறு இங்கு வந்தன என்ற வினாவை எதிர்பார்க்கலாம். சுடப்பட்டு வந்தவை பல என்று விடை கூறினால், அடுத்த வினா தானே எழும்: மானுக்கும் புலிக்கும் யானைக்கும் ஒரே துப்பாக்கி போதுமா?

இவ்வினா வேட்டைக்காரர்களை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்டிவைத்த ஒன்றாகும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. எனினும் மனித உயிருக்கு ஆபத்தாக மாறிய விலங்கைக் கையாளும் பொறுப்பு வனத்துறையினரிடமே உள்ளது. ஆகவே வினா இன்னும் பழையதாகிவிடவில்லை.

குழல் அளவு என்பது யாது?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே குழல் அளவு, அதாவது காலிபர், எனப்படும். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இதனை அங்குலத்தின் பின்னமாகவும், ஐரோப்பிய நாட்டினர் மில்லிமீட்டரிலும் குறித்தனர். 0.375 என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் 375 பங்கு, ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். ஆனால் பெயரை நம்பி ஏமாறலாகாது. 0.303 துப்பாக்கியின் குண்டை அளந்தால் 0.311 அங்குலம் இருக்கும், 0.470 துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 0.475 அங்குலம் இருக்கும். குழலினுள் வெட்டப்பட்ட புரிகளின் மேட்டை அளப்பதா பள்ளத்தை அளப்பதா என்பதில் உற்பத்தியாளர்க்குள் ஒருமை இருந்ததில்லை. வணிகப் பெயர் சூட்டுவதில் அவர்கள் எடுத்துக்கொண்ட சுதந்திரமும் இதில் சேர்ந்துகொண்டது.

புரியில்லாத ரவைத் துப்பாக்கிகளின் கணக்கு வேறு. பன்னிரண்டு போர் என்றால், அக்குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு ராத்தல் எடை இருக்கும் என்று பொருள். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். கருமருந்துக் காலத்தில் யானை வேட்டைக்கு நான்கு போர் வரையில் சென்றனர். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840-இல் பிரிஸ்டல் நகரில் தமக்கெனச் செய்வித்த துப்பாக்கி 21 ராத்தல், அதாவது ஒன்பதரை கிலோ எடையுள்ளது. அதன் கூர்முனைக் குண்டு நான்கு அவுன்சு. கருமருந்தினால் அதிக வேகம் தர இயலாது. ஆகவே வலிமை வேண்டுமாயின் குண்டின் பருமனைக் கூட்டுவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

கோணியூசியின் பாடம்

1890-களில் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வழக்கத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. சிறிய குண்டுக்கு மிகுந்த வேகம் தர முடிந்தது. இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிய அளவு என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். 174 கிரெயின், அதாவது 11.3 கிராம் எடையுள்ள 0.303 குண்டு, விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,100 ஜூல். 0.470 துப்பாக்கியின் 32.4 கிராம் குண்டு விநாடிக்கு 655 மீட்டரில் கொண்டு செல்வது சுமார் 6,950 ஜூல்.

ஆயினும் ஆற்றலை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவில் கொண்டுபோய் விடும். குண்டு எவ்வளவு ஆழம் பாயும் என்பது, அதன் எடைக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒரே எடையுள்ள மழுங்கிய கம்பியையும் கோணியூசியையும் சாக்கின்மேல் அழுத்திப் பார்த்தால் இது விளங்கும். ராத்தலில் உள்ள எடையை அங்குலத்தில் உள்ள விட்டத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை வெட்டுமுகச் செறிவு எனலாம். 300 கிரெயின் எடையுள்ள 0.375 குண்டுக்கு இது 0.305. எடையில் அதைவிட மிகக் குறைந்த, 173 கிரெயின் கொண்ட பழைய 7 மில்லிமீட்டர் நீள்குண்டுக்கு 0.306! ஆப்பிரிக்காவில் வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்திய புதிரின் விடை பெரும்பாலும் இவ்வெண்ணில் அடங்கியுள்ளது. எஞ்சிய பகுதி அவருடைய அறிவில் இருந்தது. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை இருக்கும் இடத்தை அவர் கண்டறிந்திருந்தார். அவ்வறிவு இல்லாமல் அவருடைய துப்பாக்கியை மட்டும் வாங்கியவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

குண்டின் அமைப்பும் பார்க்கவேண்டிய ஒன்று. முழுதும் உலோக உறை இட்ட கெட்டிக் குண்டு உருக்குலையாமல் எலும்பைத் துளைத்துச் செல்லும். யானைக்கும் காட்டெருமைக்கும் அது வேண்டும். அதையே சிறுத்தையின் மீது சுட்டால், ஊசி போல் மறுபுறம் வெளியேறிவிடும். விலங்கு காயத்துடன் பாய்ந்தோடும். முனையில் ஈயம் வெளிப்பட்ட மென்முனைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே செலவிடும். இவ்வமைப்பின் கதை நம் நாட்டோடு பிணைந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் 0.303 தோட்டாவுக்கு இத்தகைய முனை அமைக்கப்பட்டது. டம்டம் குண்டு என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரில் அதனை விலக்கியது. போரில் கொடுமை என்று தள்ளப்பட்டதே வேட்டையில் விலங்குக்கு விரைந்த முடிவைத் தருவதாகக் கொள்ளப்பட்டது.

சட்டம் வகுத்த அளவுகள்

இந்தியாவில் எந்தக் குழல் அளவு பரவும் என்பதை விஞ்ஞானத்தைக் காட்டிலும் அரசாங்கத்தின் அச்சமே தீர்மானித்தது எனலாம். 0.577/450 மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய படைத்துப்பாக்கிகள் எல்லைப்புறத்தில் ஏராளமாக வெளியார் கைகளில் இருந்தன. வேட்டைக்கென இறக்குமதியாகும் 0.450 அளவுக் குண்டுகள் அவற்றுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சிய அரசாங்கம், 1907-இல் அந்த அளவையே இந்தியாவில் தடை செய்தது. அதுகாறும் பெருவிலங்கு வேட்டையின் தரமாக விளங்கியது 0.450 தான். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. 0.465, 0.470, 0.475, 0.476 எனச் சிறிதே வேறுபட்ட அளவுகள் அடுத்தடுத்துத் தோன்றின. வேலையில் அவற்றுக்குள் கருதத்தக்க வேற்றுமை இல்லை. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் நுழையாது என்பதே அவற்றின் தனிச்சிறப்பு!

படையினரின் 0.303 அளவும் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால் வேறோர் அளவு இங்கு வேரூன்றியது. ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைக் கொண்ட அதன் பெயர் 0.315. மேற்கு வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு அமைப்பைத் தழுவி இவ்வளவில் வேட்டைத் துப்பாக்கி செய்தது. பிறந்த நாட்டில் ஏறத்தாழ மறக்கப்பட்ட தோட்டா, இந்தியாவில் உழவர் கையிலும் வனக்காவலர் கையிலும் பல தலைமுறை வாழ்ந்து வருகிறது. இதன் 244 கிரெயின் குண்டு வேகத்தில் நடுத்தரமானது. ஆயினும் நீண்ட உருவின் காரணமாக ஆழமாகப் பாய்வது. மான், பன்றி, சிறுத்தை அளவுள்ள விலங்குகளுக்குப் போதுமானது. யானைக்கோ காட்டெருமைக்கோ இதனை நம்புவது அறிவுடைமை ஆகாது.

0.375-இன் வெற்றி

ஒரே துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டவர்க்கு அனுபவசாலிகள் பெரும்பாலும் கூறிய விடை, 1912-இல் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் வெளியிட்ட 0.375 மேக்னம் ஆகும். நம் காடுகளின் விலங்குகளை எண்ணிப் பார்த்தால் இத்தேர்வின் அருமை புலப்படும். புள்ளிமான் 70 அல்லது 80 கிலோ. கடமான் 200 கிலோவுக்கு மேல். ஆண் புலியும் ஏறக்குறைய அவ்வளவே. காட்டெருமைக் கடா 800 கிலோவுக்கு மேலும் செல்லும். யானையோ நான்கு டன். இத்தகைய வரிசைக்கு 235, 270, 300 கிரெயின் என மூன்று எடைகளில் குண்டு கிடைத்தது. இவை மூன்றும் 100 கஜத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் தைக்கும் என்பது இத்துப்பாக்கியின் புகழ்பெற்ற குணம். பொதுவாகக் குண்டின் எடையை மாற்றினால் குறிக்காட்டியையும் திருத்தவேண்டும். இங்கு அத்தொல்லை குறைவு. 300 கிரெயின் குண்டின் ஆற்றல் 5,600 ஜூல் அளவில் நின்றது. பின்னுதைப்பு 0.470 அளவுக்குக் கொடியதன்று. பின்னுதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுபவர் கையில் எவ்வளவு பெரிய குழலும் பயனற்றது.

வெப்ப நாடுகளுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. சூடேறிய கார்டைட், குளிர்ந்த கார்டைட்டை விட விரைவாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். இங்கிலாந்தில் சோதித்த தோட்டா, சித்திரை வெயிலில் காய்ந்தபின் வெற்றுறை குழலில் இறுகிக்கொள்ளலாம். காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கையில் உறை வெளிவர மறுப்பது எத்தகைய நிலை என்று விளக்க வேண்டியதில்லை. 0.375 தோட்டாவின் உறை நன்கு சரிந்த கூம்புருவில் அமைந்ததால் எளிதில் கழன்றது.

காயத்துடன் தப்பிய விலங்கு

தவறான தேர்வின் விலையைச் சுட்டவர் கொடுப்பது அரிது. 1907-இல் குமாவுன் பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதரைத் தேடியது என்றும் கார்பெட் எழுதினார். 1938-இல் அவர் கடைசியாகச் சுட்ட தாக் புலியின் உடலிலும் பழைய குண்டுக்காயங்கள் இரண்டு இருந்தன. தோளில் இருந்தது சீழ்பிடித்திருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ போதாத துப்பாக்கியால், அல்லது போதிய துப்பாக்கியைப் பொருந்தாத தொலைவிலிருந்து சுட்டு, இரவாகிவிட்டதென்று வீடு திரும்பியதன் பலனை, விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் சென்ற மலைநாட்டுப் பெண்கள் அனுபவித்தனர்.

கார்பெட்டே ஒரு துப்பாக்கியோடு நிற்கவில்லை. சம்பாவத் புலியை வீழ்த்தியதற்குப் பரிசாகக் கிடைத்த 0.275 ரிக்பி, கனமற்றது. நாள் முழுதும் மலையேறத் தக்கது. 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை முடித்தது அதுவே. எதிர்த்து வரும் புலிக்கென 0.450/400 இரட்டைக்குழலையும் அவர் வைத்திருந்தார். தெற்கில் பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன், அந்நாளைய சேலம் மாவட்டக் காடுகளில் நெடுங்காலம் சுமந்தது 0.405 வின்செஸ்டர். 300 கிரெயின் குண்டே ஆயினும் 0.375-ஐ விடப் பருத்ததும் குட்டையானதும் ஆகையால் அதன் வெட்டுமுகச் செறிவு 0.25 அளவே. அண்மையிலிருந்து புலியைச் சுட அது போதியது. காட்டெருமையின் தோள் எலும்புக்கு உகந்ததன்று.

குண்டின் இடத்தில் ஊசி

இன்றைய சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றி அதனைக் கொல்லலாகாது. மயக்கிப் பிடிக்கவோ இடம் பெயர்க்கவோ இயலாது என்பதும் முதலில் உறுதிப்பட வேண்டும். ஆகவே களப்பணியாளர் கையில் இப்போது முதலிடம் பெறுவது மயக்க ஊசித் துப்பாக்கியே. அதிலும் குழல் அளவு உண்டு. பெரும்பாலும் 11 மில்லிமீட்டர், அதிக மருந்து செலுத்த வேண்டிய பெரிய விலங்குக்கு 13 மில்லிமீட்டர்.

இங்கு கணக்கு முற்றிலும் எதிர்த்திசையில் செல்கிறது. வேட்டைக்காரர் ஆற்றலைக் கூட்ட முயன்றார். மருத்துவர் குறைக்க முயல்கிறார். வேகம் மிகுந்தால் ஊசி தசையைக் கிழித்து எலும்பை முறிக்கும். குறைந்தால் தோலில் பட்டுத் தெறித்து விழும். ஒவ்வொரு தொலைவுக்கும் வாயு அழுத்தத்தைத் திருத்தியாக வேண்டும். ஆகையால் தொலைவைக் கண்ணால் மதிப்பிடாமல் கருவியால் அளப்பதே முறை. தொடை, தோள் ஆகிய தசைப்பகுதிகளே இலக்கு. மார்பும் வயிறும் விலக்கப்பட்டவை.

ஊசி தைத்தாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும்; அதற்குள் விலங்கு நெடுந்தூரம் சென்றுவிடலாம். 2021 அக்டோபரில் நீலகிரியின் மசினகுடிப் பகுதியில் டி-23 என்று குறிக்கப்பட்ட புலியைத் தேடியவர்களுக்கு இது நேர்ந்தது. 14-ஆம் தேதி இரவு ஊசி பாய்ந்தும் புலி புதருக்குள் மறைந்துவிட்டது. மூன்று வாரத் தேடலின் முடிவில், 15-ஆம் தேதி அது உயிருடன் பிடிபட்டு மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. இத்தகைய தேடலில் மயக்க ஊசி ஏந்தியவருக்குப் பக்கத்தில், உண்மையான தோட்டாவுடன் ஒருவர் காவலாக நிற்பது வழக்கம். அவர் கையிலுள்ள துப்பாக்கி எவ்வளவினது, அதன் குண்டு மென்முனையதா கெட்டியானதா, அதனைக் கொண்டு அவர் கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது என்ற மூன்றையும் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது குழுத் தலைவரின் கடமைகளுள் ஒன்று.