ஒரே தப்பு... இரண்டு தண்டனை!



எனக்கு வயது 47. கணவர், பிளஸ் ஒன் படிக்கும் ஒரே மகள் என்று அளவான குடும்பம். ஹாஸ்டலில் இருக்கும் மகள், போன தீபாவளி லீவுக்கு வந்தபோது, கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் காதல் விவகாரத்தை என்னிடம் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனை வருஷமாக என் கணவரிடம்கூட சொல்லாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன்.

1994-ல் நான் பிளஸ் ஒன். மலைமேல் ஒரு ஹாஸ்டல் பள்ளி (பெயர் வேண்டாம்). ஆண், பெண் இருபாலரும் படித்தோம். அப்பாவுக்கு ஈரோட்டில் ஜவுளிக்கடை. இங்கிலீஷ் வரும், ஒழுக்கம் வரும் என்று கொண்டுபோய் விட்டார்.

அங்கே யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசி ஞாயிறு பெற்றோர் வரும் நாள். கான்டெஸாவில் வந்து இறங்குகிறவர்கள், அம்பாஸிடரில் வருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறவர்கள்... சாப்பாட்டு ஹாலில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது அன்று ராத்திரியே முடிவாகிவிடும்.

என் தோழி இந்த எந்த வரிசையிலும் சேர மாட்டாள். அவள் அப்பா எங்கள் மெஸ் சமையல்காரர். அந்தச் சலுகையில் ஃபீஸ் இல்லாமல் படித்தாள். கணக்கில் புலி. பாதி ஹாஸ்டலுக்கு ஹோம்ஒர்க் அவள்தான். ஆனால், யாருக்காவது பிறந்த நாள் என்றால் அவளைக் கூப்பிட மட்டும் ஞாபகம் வராது.

அவளை, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளியின் மகன் விரும்பினான். லைப்ரரியில் யாரும் தொடாத தடி என்சைக்ளோபீடியாவுக்குள் கடிதம் இருக்கும். வைப்பதும் எடுப்பதும் நான்தான். ஏதோ பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு!

ஒன்று மட்டும் உறுத்தும். கடிதத்தில் 'உயிரே' என்பான். கிரவுண்டில் நண்பர்களோடு வரும்போது இவள் எதிரே வந்தால், பார்த்தும் பாராத மாதிரி போய்விடுவான். "வார்டனுக்குப் பயம்டி அவருக்கு" என்பாள். (ஒரே வகுப்புப் பையன், அதற்குள் 'அவர்'!) அதே வார்டன் எதிரிலேயே எஸ்டேட்காரர் வீட்டுப் பெண்களோடு சிரித்துப் பேசுகிறானே, அது எப்படி என்று நான் கேட்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன் பையன்களின் பெட்டிகளைச் சோதனை போட்டார்கள். அவள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் சிக்கின. அவன் எழுதியதில் ஒன்றுகூட இல்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு என்று அவன் எழுதியதை இவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். "அவளாகத்தான் எழுதினாள் சார், நான் பதிலே போடலை" என்று சொல்லிவிட்டான்.

போட்டான் என்பதற்கு ஒரே சாட்சி நான். கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று அவளை எவ்வளவோ கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயம்.

அவனுக்கு 10 நாள் சஸ்பென்ஷன். அவன் அப்பா வந்து போன அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் புது வெந்நீர் பாய்லர் வந்தது. இவளுக்கு டி.சி. அவள் அப்பாவுக்கும் வேலை போய்விட்டது. வருஷ நடுவில் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? அந்த வருஷப் படிப்பே போனது. அவர்கள் சாமான் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டியதை டார்மிட்டரி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

இன்றைக்கு விஷயம் இன்னும் கடுமை. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில், 18 வயது நிரம்பாத பெண் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லை மீறினால் கேஸ்தான். அதையும் மகளிடம் சொன்னேன். கூடவே, "உன் ஃபிரண்டை ஒண்ணே ஒண்ணு யோசிக்கச் சொல்லு. நாலு பேர் எதிர்ல அவன் அவளோட பேசுவானா?" என்றேன்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது சரிம்மா... அந்த ஆன்ட்டிகிட்ட நீ அப்புறம் பேசினியா?" என்றாள்.

பழைய தோழி ஒருத்தி மூலம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் இப்போது கோவையில் கணக்கு டீச்சராம். இரண்டு முறை போட்டு, மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.