ஈரச் சுவரில் முதலில் நீரைத் தேடுங்கள்

சிங்கப்பூரில் செம்பவாங்கின் கிங்ஸ் அவென்யூ, குவீன்ஸ் அவென்யூ பக்கம் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் அதிகாரிகளுக்காகக் கட்டியவை. இந்தப் பாணி வீடுகள் பலவற்றின் தளம் மண்ணில் படியாது. செங்கல் தூண்கள் தூக்கிப் பிடிக்க, அடியில் காற்று ஓடும். சற்றுத் தள்ளி நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளிலும் வேறு உருவில் அதே ஏற்பாடுதான். கீழ்த்தளம் திறந்து கிடக்க, வீடுகள் பெரும்பாலும் அதற்கு மேலே தொடங்குகின்றன. ஆகவே பத்தாவது மாடிச் சுவரில் வண்ணம் பொரிந்தால், அது மண்ணிலிருந்து ஏறிய ஓதமாக இருக்க முடியாது. மேல்வீட்டுக் குளியலறையின் நீர்த்தடுப்பு தேய்ந்திருக்கலாம், வெளிச்சுவர் விரிசலில் மழை புகுந்திருக்கலாம், ஏர்கான் குழாய் வியர்த்துச் சொட்டியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நிறுவாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் பணவிரயம். பல சமயம் சுவருக்கே கேடு. அந்த ஒரு கேள்வியைத் தாண்டித்தான் மற்றதெல்லாம் என்பதே என் வாதம்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் உண்மையில் வாழும் இடம் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா போன்ற பழைய வட்டாரங்கள். 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு மண்மேல் நேரே எழுந்தவை. செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரிபோல் நீரை மேலே இழுக்கும். ஏறும் நீரும் சுவர்ப்பரப்பில் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நிற்கும். சாதாரணமாக அது ஒரு மீட்டரை ஒட்டியிருக்கும். அடியில் அதிக ஈரம், மேலே போகப் போகக் குறைவு, முடியும் இடத்தில் பழுப்பு நிறக் கோடு, அதையொட்டி உப்புப் பூத்த காரை: இவை அடையாளங்கள். ஈரம் திட்டாகச் சுவரின் நடுவிலோ ஜன்னலுக்குக் கீழேயோ தெரிந்தால் மழைக்கசிவையும் உடைந்த குழாயையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கையடக்க ஈரமானியே ஈரம் என்று காட்டிவிட்டதே, இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். அந்தக் கருவி அளப்பது மின்கடத்தலை. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உப்பேறிய சுவர் உள்ளதைவிட அதிக ஈரமாகத் தெரியும். வெவ்வேறு உயரங்களில் துளையிட்டுத் தூளெடுத்து, எடை பார்த்து, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

உப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும், அதுவும் இந்த ஊரில். சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். சுவரிலுள்ள உப்பு இரவில் கரைந்து பகலில் மீண்டும் படிகமாகலாம். படிகம் வளரும்போது துளைகளின் சுவரை நெருக்கும்; காரை உதிர்வதும் செங்கல் பொடியாவதும் அதனால்தான். அடியிலிருந்து வரும் நீரை முற்றாக நிறுத்தினாலும் பழைய காரை நனைந்துகொண்டே இருப்பதற்கும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுப்பதே காரணம். உப்பேறிய காரையைப் பழுப்புக் கோட்டுக்குச் சற்று மேல்வரை கொத்தி அகற்றாத வேலை முழு வேலை ஆகாது.

கொத்திய இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய தவறு. சிமெண்ட் பூச்சும் நீர்புகா வண்ணமும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஆவியாக இடமில்லாத நீர் இன்னும் உயரே ஏறும். சில மாதம் சுவர் அழகாக இருக்கும், பிறகு முன்பிருந்த கோட்டுக்கு மேலே பொரியும். காற்றே ஈரமான ஊரில் சுவர் மூச்சுவிட்டு என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். உலர்தல் இங்கே மெதுவானது என்பது உண்மை. மெதுவானது என்பதற்காக இருக்கும் ஒரே வழியையும் மூடுவது நியாயமாகாது. சுண்ணாம்புப் பூச்சும் ஆவியை விடும் கனிம வண்ணமுமே பழைய சுவருக்கு ஏற்றவை. சுண்ணாம்பு இந்த ஊருக்குப் புதியதும் அல்ல. 1856இல் கட்டத் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு இந்தியக் கைதிகள் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்த மெட்ராஸ் சுண்ணாம்பைத்தான் பூசினார்கள்.

பூச்சுக்கும் முன்பு வெளியே பார்க்க வேண்டும். நடைபாதையை உயர்த்தி உயர்த்திக் கடைத்தளத்துக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார்களா, சாக்கடை அடைத்திருக்கிறதா, கூரைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதிச் சுவர்கள் தேறிவிடும் என்பது என் கணிப்பு. அதன்பிறகும் ஈரம் ஏறினால் சாந்து வரிசையில் துளையிட்டு நீரை விலக்கும் சிலேன் வகை ரசாயனம் ஏற்றலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் என்பதே கட்டுக்கதை என்று பிரிட்டனில் வாதிடுவோர் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஓதம் உண்டு, சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ரசாயனம் பயனற்றதும் அல்ல, அது கடைசிப் படி.

வாடகை கொடுக்கும் கடைக்காரருக்குச் சுவர் உலர மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. அவர் கடையை மூட வேண்டியதில்லை. உப்பை உறிஞ்சிக்கொள்ளும் தற்காலிகச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி வியாபாரத்தைத் தொடரலாம். அது உதிரும்போது அகற்றிவிட்டு நிரந்தரப் பூச்சு பூசலாம். பழுதுபார்ப்புக் குத்தகையாளர் விலைப்பட்டியலை நீட்டும்போது, நீர் எங்கிருந்து வருகிறது, அதை எந்தச் சோதனையால் கண்டீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.