கடை இணையதளமும் பிளகின் புதுப்பிப்பும்

கடைக்கென்று வேர்ட்பிரஸ் இணையதளம் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. மகனோ மச்சானோ ஒருமுறை அமைத்துக் கொடுத்ததோடு சரி. பிறகு யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஆர்டர் படிவம், பணம் செலுத்தும் வசதி எல்லாம் தருபவை பிளகின்கள். அவற்றைப் புதுப்பிக்காமல் விட்டால் வாடிக்கையாளர்களின் முகவரியும் கைபேசி எண்ணும் திருடுபோகலாம். 2020 செப்டம்பரில் ‘ஃபைல் மேனேஜர்’ என்ற பிளகினில் ஓட்டை தெரியவந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. சரிசெய்த 6.9 பதிப்பைப் போடாத தளங்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள்.

“புதுப்பித்தால் தளம் கெட்டுவிடுமே” என்று கேட்பீர்கள். அந்தப் பயம் பொய்யல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் வேர்ட்பிரஸ் 5.5 வந்தது. பழைய பிளகின்களைத் தாங்கிப் பிடித்த ‘ஜேக்வெரி மைக்ரேட்’ அதில் நிறுத்தப்பட்டதால், பல தளங்களில் பொத்தான்கள் வேலை செய்யவில்லை.

ஆகவே முதலில் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் சோதனை ஆர்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். மொத்தமாக அழுத்தினால் எது கெடுத்தது என்றே தெரியாது.

தளம் முடங்கிவிட்டதா? 5.2 பதிப்பு முதல், பெரிய கோளாறு வந்தால் எந்தப் பிளகின் காரணம் என்று சொல்லி, உள்ளே நுழைய ஓர் இணைப்பையும் வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது. (அந்த மின்னஞ்சல் இன்னும் மச்சானுடையதாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்!) அது வராவிட்டால் ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து, சந்தேகப்படும் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். அந்தப் பிளகின் இயங்காது; தளம் பெரும்பாலும் திறந்துவிடும்.