வரிவிலக்கும் ஓர் அமானத்தே



"கடைக்காரர் வரி கட்டுகிறார், சம்பளக்காரர் வரி கட்டுகிறார். பள்ளிவாசலுக்கும் டிரஸ்டுக்கும் மட்டும் ஏன் விலக்கு?" என்று நம் ஜமாஅத் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில், இது முஸ்லிம்களுக்கென்று தரப்பட்ட சலுகை அல்ல. வருமான வரிச் சட்டத்தில் கோயில், தேவாலயம், குருத்வாரா, பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் இந்த விலக்கு உண்டு. நன்கொடையும் கடை வாடகையும் தனியொருவரின் லாபமாகாமல் நற்பணிக்கே செலவாகின்றன என்பதே காரணம்.

ஆனால் விலக்கு தானாக வந்துவிடாது. வருமான வரித் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை டிரஸ்டின் நோக்கங்களுக்குப் பயன்படுத்த வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டினால் ஆடிட்டர் தணிக்கை கட்டாயம். நிர்வாகிகளோ அவர்களின் உறவினர்களோ அனுபவித்த பணத்துக்கு விலக்குக் கிடையாது.

இன்னொரு நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை. 1962 ஏப்ரலுக்குப் பின் தொடங்கிய அறப்பணி டிரஸ்ட் ஒரு மதத்தாருக்கு மட்டுமே உதவுவதாக இருந்தால் இந்த விலக்கைப் பெற முடியாது. வழிபாட்டுக்கென்றே அமைந்தவற்றுக்கு இது பொருந்தாது. நமது கல்வி உதவி விண்ணப்பத்தில் மதம் கேட்காதது இதனால்தான். சட்டத்துக்காக மட்டுமல்ல. அண்டை வீட்டாரின் பசியைப் போக்கச் சொன்ன நம் மார்க்கம், அவர் யாரென்று விசாரித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஆகவே விலக்கு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அரசு வசூலிக்காமல் விட்டுவைக்கும் அந்தப் பணம் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது. அதை வைத்திருப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கணக்குக் காட்டாத டிரஸ்டுக்கு, அது நம்முடையதே ஆனாலும், விலக்குக் கேட்கும் தகுதி இல்லை.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இவ்வளவே. ரசீது வாங்காமல் நன்கொடை தராதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் தருவதைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ தாருங்கள். ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வரிச் சலுகை கிடைக்காது. பான் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் அல்லாஹ்விடம் கூலி குறையாது.

தணிக்கை செய்யப்பட்ட நமது வரவு செலவுக் கணக்கு டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

அமானத்தைப் பேணுவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.

— செயலாளர்