நுரையின் உறவு

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கு உத்தியோகத்திற்குப் போன இளைஞர்கள், பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது சொல்லும் செய்திகளுள் ஒன்று, அங்கே அந்தந்தக் கடையிலேயே பீர் காய்ச்சி, அதே கூரையின் கீழ்ப் பீட்சாவும் சுட்டுப் பரிமாறுகிறார்கள் என்பது. இந்திராநகரில் 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாய்ட் முதலிய சிறு மதுவாலைகளில், மாலை வேளையில் நண்பர் குழாம் ஒன்று கூடியமர்ந்து, அடுப்பிலிருந்து அப்போதே இறங்கிய வட்டமான ரொட்டியைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு உண்பது இப்போது சாதாரணக் காட்சியாகிவிட்டது. இதைக் கேட்கும் ஊர்ப் பெரியவர்கள், மேனாட்டு மோகம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பானத்திற்கும் அந்த ஆகாரத்திற்கும் உள்ள சம்பந்தம் நாகரிக மோகத்தால் நேற்று உண்டானதன்று; அதனுடைய வேர் நம் பனங்காட்டிலும் இருக்கிறது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் அதில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை விட்டால், அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. பிசைந்த கோதுமை மாவிலும் அதே ஈஸ்ட் அதே தொழிலைத்தான் செய்கிறது. மாவில் பிறக்கும் சாராயச் சத்து பெரும்பாலும் அடுப்பின் உஷ்ணத்தில் ஆவியாகிவிட, வாயு மட்டும் மாவை உப்பச் செய்து, விளிம்பிலே கொப்புளங்களாக நின்றுவிடுகிறது. ரொட்டிக்கென்று தனியாக ஈஸ்ட் தயாரிக்கும் தொழில் தோன்றுவதற்கு முன்னால், ஐரோப்பிய நகரங்களில் ரொட்டி சுடுவோர் பலர், மதுவாலைத் தொட்டிகளின் மேலே திரளும் நுரையை வாங்கிப் போய் மாவைப் புளிக்க வைத்தனர். சர்க்கரை சாராயமாகும் இந்த மாறுதலைச் செய்வது உயிருள்ள பொருளே என்று பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்து நிலைநாட்டினார்; 1883-இல் ஹான்சன் என்னும் டென்மார்க் விஞ்ஞானி, கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்டைக் கலப்பின்றித் தனித்துப் பிரித்தெடுத்தார். ஆகவே மதுவாலைக்குள் ரொட்டி அடுப்பு வந்து சேர்ந்திருப்பது, பிரிந்துபோன உறவினர் மீண்டும் ஒரு வீட்டில் கூடியது போன்றதே.

இனி நம் சீமைக்கு வருவோம். ரமண மகரிஷி 1879-இல் அவதரித்த திருச்சுழி, மழையை நம்பி வாழும் வறண்ட பிரதேசம். குண்டாற்றில் தண்ணீரை விட மணலைக் காணும் நாள்களே அதிகம். இந்த மண்ணில், கண்மாய்க் கரையிலும் காட்டு வரப்பிலும், ஒருவரும் நீர் வார்க்காமலே நெடுமரமாக நிற்பது பனை. பனையேறுகிறவர் தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பிலே அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலே சென்று, பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, கீழே கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். மறுபடியும் ஏறிச் சீவாவிட்டால் பாளையின் வாய் அடைத்துப்போய்ச் சொட்டு நின்றுவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் சேர்வது பதநீர். தடவாதிருந்தால், காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், பொழுது விடிவதற்குள் அது நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. கொப்பரை வேண்டாம், நெருப்பு வேண்டாம், தானியமும் வேண்டாம். மரத்தின் உச்சியிலேயே ஒரு மதுவாலை இயங்குகிறது. பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே நிற்பது விரல்நுனிச் சுண்ணாம்பு ஒன்றுதான் என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆச்சரியம்.

இந்த நுரைக்கும் மாவுக்கும் உள்ள உறவையும் நம்மவர் அறிந்தேயிருந்தனர். யாழ்ப்பாணத்தில், அரிசியை ஊறவைத்து இடித்துக் குழைத்த மாவிலே சிறிது பனங்கள்ளை வார்த்து, இரவு முழுவதும் புளிக்கவிட்டு, விடியற்காலையில் சிறு தாச்சியில் ஊற்றிச் சுழற்றி, நடுவிலே தேங்காய்ப்பால் விட்டு அப்பம் சுடும் வழக்கம் உண்டு. நடுப்பகுதி பஞ்சுபோல் எழும்பி, ஓரம் சல்லடையாகச் சிவந்து மொறுமொறுக்கும் அந்த அப்பமும், நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவும் ஒரே விதியால் உருவானவை. கேரளத்துக் கள்ளப்பமும் இந்த வம்சமே. அங்கே கள்ளுக்கடையில் கப்பையும் மீன் கறியும் தேடி வருவோர் இன்றும் பலர். நாம் அன்றாடம் உண்ணும் இட்டலி மாவு பெரும்பாலும் வேறு நுண்ணுயிர்களால் பொங்குவது. அது வேறு கிளை.

தமிழ்நாட்டில் இந்தத் தொடர்பு அறுந்ததற்குச் சட்டமே காரணம். 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது; பின்னர் விலக்கும் தளர்வும் மாறிமாறி வந்து, 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்திற்கும் தடை விதிக்கப்பட்டது. குடியினால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ணாரக் கண்ட எவரும் மதுவிலக்கின் நோக்கத்தைக் குறை சொல்லத் துணியமாட்டார், நானும் துணியேன். ஆயினும் ஆலைச் சரக்கை அரசாங்கக் கடைகளில் விற்றுக்கொண்டு, பாளையில் சொட்டுவதை மட்டும் குற்றமாக்கியது பனையேறிகளுக்கு இழைத்த அநீதி என்றே என் மனம் சொல்கிறது. தொழில் மங்க, ஏறுவோரும் குறைந்தனர். செங்கல் சூளைக்கு விறகாக விழுந்த பனைகளோ கணக்கற்றவை.

எஞ்சியிருப்பது பதநீர். பங்குனி, சித்திரையில், ஓலைப்பட்டையை மடித்துப் பிடித்து, மாங்காய்த் துண்டோ நுங்கோ மிதக்க அதைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் சுவையை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் வெயில் ஏறினால் அதுவும் நில்லாது. உடனே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். அந்த அடுப்பின் அனலில் நின்று கிண்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. மாலையில் அருப்புக்கோட்டையில் எண்ணெய்ப் பரோட்டாவுக்காகக் கூடும் ஜனத்திரளைப் பார்க்கையில், அங்கே பதநீரைக் குளிரவைத்துக் கெடாமல் விற்க ஒருவர் முன்வந்தால், நம் சீமைக்கேற்ற கூட்டு உணவு கிடைத்துவிடுமே என்று ஆசைப்படுகிறேன்.

2021-இல் வெளியிட்ட வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாகவும், பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி அவசியம் என்றும் தமிழக அரசு அறிவித்தது மனத்திற்கு ஆறுதல். ஊன்றிய கொட்டை கலயம் ஏற்கும் பருவத்தை எய்தப் பன்னிரண்டு வருஷத்திற்கு மேலும் ஆகலாம்; ஏறத் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் இருக்கும்போதே, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள இளைஞர் சிலரேனும் முன்வர வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பான ஏறுகருவியும், விழுந்தால் குடும்பத்தைத் தாங்கும் காப்பீடும், பதநீருக்கு நியாயமான விலையும் கிடைக்கச் செய்ய வேண்டும்.