பல்வலி நின்றுவிட்டதா? அப்போதுதான் கவனம் தேவை

"பல்வலியில யாராவது சாவாங்களா?" என்று கேட்டால், சாவார்கள் என்பதுதான் பதில். எப்படி என்று பார்ப்போம்.

சொத்தை, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழை எட்டும்போது வலி உயிர் போகும். பிறகு அந்தக் கூழ் அழுகிச் செத்துவிடும். செத்த நரம்புக்கு ஏது வலி? "கிராம்பு வச்சேன், சரியாப் போச்சு" என்று நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் அலாரத்தின் வயர்தான் அறுந்திருக்கிறது, தீ அணையவில்லை. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஈறுப் பக்கம் வந்தால் பெரும்பாலும் ஒரு கொப்புளத்தோடு போகும். ஆனால் கீழ்த்தாடையின் உட்புறம் மைலோஹையாய்டு என்றொரு தசை, வாய்க்குத் தரை போட்டது போல விரிந்திருக்கிறது. கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் இந்தத் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்குக் கீழே இருப்பவை. அங்கிருந்து கிளம்பும் தொற்று நேராகத் தாடைக்கு அடியில் இறங்கும். தசையின் பின் ஓரத்தைச் சுற்றி நாக்குக்கு அடியிலும் ஏறும்.

இது இரண்டு பக்கமும் பரவுவதை 1836இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்தார். இன்றும் பெயர் லுட்விக் ஆஞ்சைனாதான் (இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). வீக்கம் கட்டியாகத் திரளாது, பலகை போல இறுகும். நாக்கு மேலும் பின்னும் தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனால், பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து அதிகம். அபூர்வமாக, தொற்று தசைகளின் உறையை அழுக வைத்தபடி கழுத்து வழியே நெஞ்சுக்கூடு வரை போய்விடும்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போதாதா? போதாது. செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. வீக்கம் வடியலாம், ஊற்று அப்படியே இருக்கும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும்.

தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சலோடு வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்குகிறது, குரல் மாறுகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது மல்லாக்கப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கூட்டிப் போங்கள்.