அமுதசுரபியும் இணையவழி அன்னதானமும்

தானங்கள் பலவற்றுள்ளும் அன்னதானமே தலையாயது என்பது ஆன்றோர் கொள்கை. பொன்னும் பொருளும் எத்துணைப் பெறினும் மனித மனம் போதும் என்று சொல்வதில்லை. வயிறார உண்டவனே 'போதும்' என்று கூறி இலையை மூடுகின்றான். ஆயினும் கொடுக்கும் மனமும் பொருளும் இருந்தால் மட்டும் அன்னதானம் நிறைவேறிவிடாது. கொடுப்போரையும் பசித்தோரையும் ஒன்று சேர்க்கும் வழியும் வேண்டும். இவ்வுண்மையை மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சை ஏற்று, அவ்வுணவைப் பார்வையற்றோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் அளித்து, எஞ்சியதையே தான் உண்டு வந்தான். ஒரு நாள் நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஏதுமின்றி அவன் கலங்கியபோது, சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அவனுக்கு அருளினாள். பின்னர் நாடு செழித்தமையால் அவனிடம் உணவு வேண்டுவார் இல்லாது போயினர். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கேள்வியுற்று, அவன் கப்பலேறினான். கப்பல் இடையில் மணிபல்லவத் தீவில் தங்கிற்று. அவன் கரையில் இறங்கியதை அறியாமலே அது புறப்பட்டுச் சென்றுவிட்டது. கையில் குறையாப் பாத்திரம். எதிரே உண்பார் ஒருவரும் இல்லை. பலர் பசியைத் தீர்க்க வந்த பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை மட்டும் வளர்க்க மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான் அப்பெருந்தகை. அவனைத் தடுத்தது வறுமையன்று. இடையில் கிடந்த கடல்.

இக்காலத்தில் அக்கடல் தடையாக இல்லை. தொலைவில் வாழும் அன்பர்கள் முற்காலத்தில் மணியார்டர் வாயிலாகவோ, ஊருக்குச் செல்வோர் கையில் கொடுத்தோ அன்னதானத்திற்குப் பொருள் அனுப்பினர். 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை தொடங்கப்பட்ட பின்னர், கைப்பேசி வழியாக நொடிப்பொழுதில் பத்து ரூபாயும் அனுப்ப இயலுகின்றது. ஆகவே எளியோரும் பங்கு பெறும் அறமாக அன்னதானம் விரிந்துள்ளது.

வடலூரில் வள்ளல் பெருமான் 1867ஆம் ஆண்டு நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டம் 750க்கும் மேற்பட்ட திருக்கோயில்களில் நடைபெறுகின்றது. பழநியிலும் திருவரங்கத்திலும் 2012 முதல் நாள் முழுவதும் அன்னம் வழங்கப்படுகின்றது. இவற்றைத் தாங்கி நிற்பவை அன்பர்கள் மனமுவந்து அளிக்கும் நன்கொடைகளே. இந்து சமய அறநிலையத் துறையின் இணையதளத்திலும் அன்னதானத்திற்கென நன்கொடை செலுத்தலாம்.

எனினும் எளிதான வழியில் கள்வரும் எளிதாக நுழைவர். பசித்தோர் படத்தைக் காட்டிப் பொருள் பறிப்போரும் உளர். அவர்கள் கையில் சேரும் பொருள், கொடுத்தவரை மட்டுமன்றி, அதனால் ஒரு வேளை உண்டிருக்க வேண்டிய ஏழையையும் வஞ்சிக்கின்றது. ஆதலின் அன்பர்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். முன்பின் அறியாதார் அனுப்பும் இணைப்புகளைத் தொடாமல், திருக்கோயில் அல்லது அறநிலையத்தின் முகவரியைத் தாமே அறிந்து செல்லுதல் நன்று. பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர் அந்நிறுவனத்தின் பெயர்தானா எனப் பார்த்தல் வேண்டும். இரகசிய எண்ணை இடுவது பணம் கொடுப்பதற்கேயன்றிப் பெறுவதற்கன்று என்பதை மறத்தலாகாது. ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

செலுத்திய தொகைக்கு ரசீது பெறுதலும் இன்றியமையாதது. ரசீது கேட்பது ஐயுறவின் அடையாளம் அன்று. நம் முன்னோர் இன்னார், இன்ன அறத்திற்கு, இவ்வளவு அளித்தார் என்பதைக் கோயிற் சுவரிலே கல்லில் பொறித்து வைத்தனர். இந்த அறத்தைக் காப்பவர் திருவடியைத் தம் தலைமேல் தாங்குவதாகவும் எழுதினர். கொடுப்பதோடு கடமை முடிவதில்லை, கொடுத்தது உரியவரைச் சேர்வதைக் காப்பதும் அறமே என்பது அவர்தம் கருத்து.

பொருள் கைவிட்டுப் போனவுடன் தானம் நிறைவுறுவதில்லை. பசித்தவர் இலையில் சோறு விழும்போதே நிறைவுறுகின்றது. ஆபுத்திரனுக்கு வாய்க்காத வழி நமக்கு வாய்த்துள்ளது. அவ்வழியே அன்போடும் விழிப்போடும் இயன்றதை ஈந்து, இறையருள் பெற்று உய்வோமாக.